நான் செய்ததாகச் சொன்ன எஞ்சின்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நான் வேலை பார்த்தேன். பின்பக்க ஸ்டோரில் பெட்டிகளை இறக்கி அடுக்குவதும், கேட்ட சாமானை முன்னால் கொண்டுவந்து கொடுப்பதும்தான் வேலை. வாடிக்கையாளரிடம் பேசக் கடையின் முன்பக்கம் இரண்டு சீனப் பெண்கள் இருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளி இறுதியில் வரும் ஐந்தாம் படிவத் தேர்வில் இரண்டு முறை தவறியவன். வீட்டில் ஒரே ஆண்பிள்ளை என்பதைத் தவிர சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.

செமோருக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்து வீட்டு மனை போடத் தொடங்கியபோது, அம்மா என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஈப்போவின் சிலிபினில் ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். அக்கா என்னைவிட நாலு வயது பெரியவள். ஜெலாப்பாங்கில் ரேடியோ கேசட் செட் தயாரிக்கும் ஒரு ஜப்பான்காரத் தொழிற்சாலையில் சோல்டர் வைக்கும், வயரை ஈயத்தால் பற்றவைக்கும், வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலை ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் ஒரு குவளை தேத்தண்ணி, அப்புறம் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்திருக்கும் பழுதான ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, மேசை விளக்கு. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரித்துப் பார்ப்பாள், கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாள், பிறகு கை வைப்பாள்.

எங்கள் கடையில், ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டிகளால் ரயில் வண்டி கட்டும் பெட்டிகள் விற்றன. பெரிய பெட்டி வாங்கினால் மோட்டாரும் கூடவே வரும். சின்னப் பெட்டியில் வராது. அந்தச் சின்ன எஞ்சின் இரண்டு விரல் அகலம்தான். பிள்ளைகள் கையால் தள்ளி விளையாட வேண்டும். ஒரு நாள் ஒரு டாக்டரின் மனைவி அப்படியொரு எஞ்சினைக் கைப்பையிலிருந்து எடுத்து வைத்து, இதற்கு மோட்டார் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தவுக்கே, எங்கள் முதலாளி, முடியாது என்றார். உள்ளே இடமில்லை, செய்தவர்களே வைக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினார். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன்.

“போலே,” என்றேன். முடியும் என்று.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கடையில் சேர்ந்த ஒன்றரை வருடத்தில் தவுக்கே என் முகத்தை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரால் முடியும் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அக்கா அந்த எஞ்சினை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீக்குச்சியை உள்ளே விட்டு அளந்தாள். அந்த வாரம் பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், மலிவான பாட்டரிக் கார் ஒன்றை வாங்கி வந்து அடுப்படி மேசையில் உடைத்தாள். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார். இரண்டு பக்கமும் தட்டையானது. கட்டிச் சுவர்களுக்கு நடுவே அது அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. காரின் பல்சக்கரத்தை அரத்தால் தேய்த்து எஞ்சினின் அச்சில் ஏற்றினாள். பாட்டரிக்குத்தான் இடமில்லை. அதற்கு அவள் பின்னால் இழுபடும் சரக்குப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு பாட்டரிகளை வரிசையாகப் படுக்க வைத்து, பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி இரு முனையிலும் தொடுப்பு வைத்து, அங்கிருந்து எஞ்சினுக்கு முடி போல மெல்லிய இரண்டு வயர்.

எஞ்சினோடு வந்த தண்டவாளத்தை மேசையில் வட்டமாகப் போட்டு ஓடவிட்டபோது, முதல் முறை சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. எஞ்சின் நகரவில்லை. அக்கா சிரித்தாள். சைக்கிள் வால்வ் ரப்பரை வளையமாக நறுக்கிச் சக்கரத்தில் மாட்டினாள். மூக்குப் பக்கம் தூண்டில் ஈயக் குண்டு இரண்டை ஒளித்து வைத்தாள். இப்போது நகர்ந்தது, ஆனால் வளைவில் வயர் விறைத்து இழுத்து எஞ்சினைத் தடம் புரட்டியது. அதைத்தான் அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் கைகூட கழுவாமல், வயரைப் பின்னல் ஊசியில் சுற்றிச் சுருளாக்கினாள். சுருள் வளைவில் நீண்டது, நேர்ப்பாதையில் சுருங்கியது. எஞ்சின் வட்டத்தை முழுதாகச் சுற்றி வந்து சாம்பார்ச் சட்டியின் பக்கத்தில் கடந்துபோனபோது அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

நான் பாட்டரி வாங்கி வந்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

கடையில் தவுக்கே கண்ணாடி மேசைமேல் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு அதை ஓடவிட்டார். முன்னால் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். டாக்டரின் மனைவி எனக்கு நன்றி சொன்னார். தவுக்கே என் தோளில் கை வைத்து, “கெட்டிக்காரன்லா நீ,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அவர் நினைத்திருப்பார்.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள்.

“யாரு செஞ்சான்னு கேட்டாங்களா?”

“கேக்கல,” என்றேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகியது. பிள்ளைகள் ஒருவர் வீட்டில் பார்த்து இன்னொருவர் வீட்டில் கேட்டார்கள். தவுக்கே ஸ்டோருக்கு வேறொரு ஆளை வைத்துவிட்டு, கடையின் முன்புறம் ஒரு மூலையில் எனக்கு மேசையும் விளக்கும் போட்டுக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து பாட்டரி மாற்றுவேன், சக்கரத்தில் சிக்கிய முடியை எடுப்பேன், ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பது போல இருப்பேன். மோட்டார் வைக்கும் வேலைக்கு அமைதி வேண்டும், வீட்டில்தான் வரும் என்று சொல்லிவைத்திருந்தேன். எல்லாரும் அதை மதித்தார்கள். எஞ்சின்கள் என் பையில் சிலிபினுக்குப் போய், ஓடும் எஞ்சின்களாகத் திரும்பி வந்தன.

அக்காவுக்கு விஷயம் மெல்ல மெல்லப் புரிந்தது. செய்தது அவள்தான் என்று கடையில் சொல்லச் சொல்லி ஒரு முறை கேட்டாள். ஒரு பொம்பளை செய்தது என்றால் நம்பி யார் கொடுப்பார்கள் என்றேன். அவள் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்பது போலத் தோளைக் குலுக்கினாள். தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒரே பலகையில் ஒரே மூன்று புள்ளிகளில் சோல்டர் வைப்பவள் அவள். ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு விதமாகக் கட்டப்பட்டிருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடிப்பை வைத்துத்தான் நான் பிழைத்தேன்.

பள்ளி விடுமுறையில் தவுக்கே கடைக்குள் ஒரு பெரிய மேசை போட்டு ஆறு எஞ்சின்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்காவும் பார்க்க வந்தார்கள். அக்கா நீலச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். நான் அவளைத் தவுக்கேயிடம், அக்கா, பேக்டரியில் வேலை, என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு சீனர் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு, வளைவில் ஏன் வயர் இழுக்கவில்லை என்று மலாயில் கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள். சொல்ல வந்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. அவளை முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன். வயர் சிறப்பான ரகம், வெளிநாட்டில் இருந்து வருவது என்று ஏதோ உளறினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டு ஓடும் எஞ்சினைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா என்னை இரண்டு முறை பார்த்தாள்.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம் ஒரு பிற்பகல், தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். அக்காவும் அம்மாவும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று நான் போகவில்லை. அவரை உட்கார வைத்தேன். வரிசையில் இருக்கும் பெண்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்களாம். திரும்பி வந்தால் டெக்னீஷியன் வேலை. பரீட்சை மாதிரி ஒன்று வைத்ததில் அக்கா முதலில் வந்திருக்கிறாள். கல்யாணமாகாத பெண்கள் என்பதால் வீட்டில் பெரியவர்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும். அக்கா வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருந்தது, தேர்வாகாமல் போனால் வெட்கம் என்றுதான்.

“அப்பா இல்லன்னு சொன்னுச்சு. நீங்கதானே தம்பி வீட்டுக்கு ஆம்பள? கையெழுத்துப் போட்டா இந்தத் தாள நாளைக்கே மேல அனுப்பிடுவேன்,” என்றார்.

அவர் கையில் தாள் இருந்தது. அவருக்குப் பின்னால் அடுப்படி மேசை தெரிந்தது. அதில் மூன்று எஞ்சின்கள் பிரித்தபடி கிடந்தன. தீபாவளிக்குள் இன்னும் எட்டு வேண்டும் என்று தவுக்கே முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார். ஆறு மாதம். நான் அந்த மூலை மேசையில் உட்கார்ந்து என்ன செய்வேன் என்பதுதான் என் மனதில் வந்தது. அக்காவைப் பற்றி எதுவுமே வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்திருக்கிறேன். வரவேயில்லை.

“அம்மா விட மாட்டாங்க,” என்றேன்.

அவர் முகம் மாறியது. அம்மாவிடம் தானே பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

“வேணாம்லா அக்கா. எங்க வீட்ல பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்புற பழக்கம் இல்ல. நாலு பேரு பேசுவாங்க. அம்மாவுக்கு ஏற்கெனவே மனசு சரியில்ல.”

நான் அப்படிப் பேசுகிறவனே அல்ல. தோட்டத்தில் வெட்டிப்பேச்சுப் பேசும் கிழவர்களின் வார்த்தைகளை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அவர் அதை நம்பினார். நம்பும்படிதான் இருந்தது, எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் கொடுத்த ஆரஞ்சுத் தண்ணியைப் பாதி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் அம்மாவின் எதிரில் போய் நின்றாள்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?” என்றாள். குரல் உயரவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜப்பான், கையெழுத்து, அம்மா விடமாட்டாள் என்று வீட்டிலிருந்து பதில் போனது, எல்லாவற்றையும் அக்கா சொல்லிக்கொண்டே போனாள். நான் வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அவளைப் பார்த்தாள், பிறகு அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் பிரஷைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“அவ்ளோ தூரம் எப்படிம்மா ஒன்னைய அனுப்புறது,” என்றாள் அம்மா.

நான் நிமிரவில்லை.

அக்கா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போடவில்லை. சம்பளத்தை வழக்கம்போல அலமாரியில் வைத்தாள், அம்மா சமைத்ததைச் சாப்பிட்டாள், ஆனால் பேசவில்லை. அம்மா கேட்டால் தலையாட்டுவாள், இல்லையென்றால் சுவரிடம் சொல்வது போலச் சொல்வாள். ஆறு மாதம் அப்படிப் போனது. தேர்வான மற்ற பெண், மலாய்க்காரப் பெண், ஜப்பானில் இருந்த ஆறு மாதம். என்னோடு மட்டும் அக்கா முன்பைவிட அதிகமாகப் பேசினாள். எஞ்சின்களை முன்பைவிட நன்றாகச் செய்தாள். ஒரு நாள் சின்னஞ்சிறு விளக்கொன்றை முன்பக்கம் வைத்து, அது எரிவதை எனக்குக் காட்டினாள்.

“இந்த வீட்ல நீ ஒருத்தன்தான்டா என்னைய நெனைக்கிற,” என்றாள்.

நான் அந்த விளக்கு அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். பல நாள் வாய்வரை வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையில் வரவில்லை. பயம் மட்டும் இருந்தது, தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். அம்மா இளைத்துக்கொண்டே போவது என் கண்ணில் பட்டது. கோயிலில் அவள் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதும் பட்டது. பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மலாய்ப் பெண் திரும்பி வந்த வாரம் தொழிற்சாலைக் கேண்டீனில் விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், அந்த அலுவலகப் பெண்மணி எங்கள் அக்காவின் கையைப் பிடித்து, உங்கள் அம்மா அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் நான் எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைத்திருப்பேன், தம்பிதான் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார் என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவர் வந்தது அந்தக் கல்யாண நாளில், அம்மா அன்றைக்கு வீட்டிலேயே இல்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாண வீட்டில் அம்மா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்படி மேசை துடைத்து வைத்திருந்தது. பிரித்த எஞ்சின்கள், மோட்டார்கள், வயர்ச் சுருள், ரப்பர் வளையங்கள், ஈயக் குண்டுகள், எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அக்கா அதை என் கையில் கொடுத்தாள்.

“நீயே செய்,” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, இன்றைக்கு என்ன குழம்பு என்று அவள் விசாரித்தது எனக்குக் கேட்டது. அம்மா சொன்ன பதில் கேட்கவில்லை.

அந்த வாரம் ஒரு வங்கி அதிகாரியின் மகனுடைய எஞ்சினைக் கொடுத்தாக வேண்டும். இத்தனை நாள் பார்த்திருக்கிறோமே என்று நானே உட்கார்ந்தேன். மோட்டாரைப் பொருத்திவிட்டேன். வயரைச் சோல்டர் வைக்கும்போது சூடான சோல்டர் இரும்பு எஞ்சினின் பக்கச் சுவரில் பட்டு, சிவப்புக் கட்டி உருகி வழிந்தது. எடுக்கப் போய் இன்னொன்றும் உருகியது. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அக்கா பக்கத்து அறையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள், வரவில்லை.

உருகிய எஞ்சினைத் தவுக்கேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாவற்றையும் செய்தது அக்கா என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

“அப்ப நீ என்னா செஞ்சே?”

தூக்கிக்கொண்டு வந்தேன் என்றேன். அவர் எஞ்சினைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். உன் அக்காவைக் கூட்டி வா, மேசை அவளுக்குத் தருகிறேன் என்றார். அவள் வரமாட்டாள் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவரிடம் கொடுத்தேன். மேசையையும் விளக்கையும் எடுத்துவிட்டார்கள். மாத முடிவில் நானே விலகி, ஒரு ஹார்டுவேர்க் கடையில் லாரிக்குச் சாமான் ஏற்றப் போனேன்.

அக்கா யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கினாள். புறப்பட்ட அன்று அம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதாள். என்னிடம், “வாரேன்,” என்றாள். நான் அவள் பையை பஸ் நிலையம் வரை தூக்கிக்கொண்டு போனேன்.

சில மாதம் கழித்து அம்மாவை அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். ஹாஸ்டல் வாசலில் அம்மா கழிவறைக்குப் போயிருந்த நேரத்தில், நான்தான் அப்படிச் சொன்னேன், என்னை மன்னித்துவிடு என்று ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்காமல், காயப் போட்டிருந்த துணிகளைப் பார்த்தபடி சொன்னாள்.

“எங்கிட்ட ஏன்டா சொல்ற? அம்மாகிட்ட சொல்லு. அவங்ககிட்டதான் நான் ஆறு மாசம் பேசல.”

திரும்பும்போது, பட்டர்வர்த்தில் ஏறிய பஸ்ஸில், அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு பேசினாள்.

“அன்னைக்கே தெரியும்யா. நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அக்காவிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாமல் போயிருப்பான் என்றாள். தைப்பிங்கில் பஸ் நின்றபோது அவளுக்கு ஏதாவது வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

மூன்று வருடம் கழித்து, பினாங்குக் கம்பெனி அக்காவை ஜப்பானுக்கு மூன்று மாதம் அனுப்பியது. இந்தத் தடவை சம்மதம் கேட்டு யாரும் வீட்டுக்கு வரவில்லை. அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், நான் படித்துக் காட்டினேன். குளிரைப் பற்றி எழுதியிருந்தாள், தங்கியிருந்த அறையைப் பற்றி, காலையில் எல்லாரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்வதைப் பற்றி, இயந்திரங்களைத் தானே பிரித்து மாட்டவிடுகிறார்கள் என்பதைப் பற்றி. இரண்டு பக்கம். கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று நினைத்து மெதுவாகப் படித்தேன். இல்லை.

அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். முதலிலிருந்து படித்தேன்.